ஈயம் எழுத்தான கதை

அச்சு இயந்திரம் என்றதும் பெரிய திருகு பூட்டிய மர இயந்திரம்தான் நினைவுக்கு வரும். அது கூட்டன்பர்க் கண்டுபிடித்ததல்ல. திராட்சை பிழிய ஐரோப்பாவில் முன்பே புழங்கிய சாதனம் அது. தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடுவதும் புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் பீ ஷெங் களிமண்ணில் எழுத்துகளைச் சுட்டெடுத்தார். கொரியாவில் உலோக எழுத்துகளால் 1377இல் புத்தகமே அச்சாகிவிட்டது.

பிறகு ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரரான கூட்டன்பர்க்குக்கு ஏன் இத்தனை பெயர்? எழுத்து வார்க்கும் முறைக்காகத்தான்.

அவர் பெயரால் வழங்கும் அந்த முறை இது. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அதைச் செம்புத் தகட்டில் வைத்து அடித்தால் எழுத்தின் வடிவில் குழி விழும். தகட்டைக் கையடக்கமான வார்ப்புக் கருவியின் அடியில் பொருத்தி, உருக்கிய ஈயத்தை ஊற்றினால் சட்டென்று இறுகி எழுத்து கிடைத்துவிடும். ஒல்லி எழுத்துக்குக் கருவியை ஒடுக்கலாம், அகல எழுத்துக்கு விரிக்கலாம். எழுத்தின் உயரம் மட்டும் மயிரிழையும் மாறாது. வெறும் ஈயம் நசுங்கிவிடும் என்பதால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்தார்கள். ஆஃப்செட் வரும்வரை நம்மூர் கம்பாசிட்டர்கள் கோத்ததும் இந்தக் கலவையில் வார்த்த எழுத்துகளைத்தான். நீர் மை உலோகத்தில் ஒட்டாது. எண்ணெயில் கரி குழைத்த மை அதற்கும் வழி செய்தது.

1455 வாக்கில் பக்கத்துக்கு 42 வரியாக பைபிள் அச்சாகி முடிந்தது. ஏறத்தாழ 180 பிரதிகள்.

அச்சு வந்தது, அறிவு பரவியது என்று பள்ளியில் படித்தோம். அது பாதிக் கதை. மைன்ஸில் பைபிளுக்கும் முன்பே, 1454இல், பெயர் எழுத இடம்விட்ட பாவமன்னிப்புச் சீட்டுகள் அச்சாகின. திருச்சபைக்கு நல்ல வரும்படி. 1517இல் அந்தச் சீட்டு வியாபாரத்தை மார்ட்டின் லூதர் எதிர்த்தபோது, அவர் வாதங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்ததும் அச்சகங்களே. கோப்பர்நிக்கஸின் வானியல் நூல் 1543இல் நியூரம்பர்க்கில் அச்சாயிற்று. சூனியக்காரிகள் என்று பெண்களைப் பிடித்து விசாரிக்க வழிசொன்ன நூலும் பதிப்புமேல் பதிப்பு கண்டது. யார் காசு கொடுத்தாலும் அச்சு ஓடியது.

அந்தக் காசுதான் கூட்டன்பர்க்கையும் கவிழ்த்தது. கடன் கொடுத்த யோஹான் ஃபுஸ்ட் 1455இல் வழக்குப் போட்டு வென்றார். 1457இல் வெளிவந்த, பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் அச்சிட்டவர்களாக ஃபுஸ்ட்டின் பெயரும் பீட்டர் ஷோஃபரின் பெயரும் இருக்கின்றன. கூட்டன்பர்க்கின் பெயர் தாங்கி அவர் அச்சிட்ட நூல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.