ஓர் எழுத்து தள்ளி

பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர் இருப்பார். நிலத்தைப் பதிவுசெய்வது அவரல்ல, உள்ளே இருக்கும் அதிகாரி. நம் பேச்சை அந்த அதிகாரி ஏற்கும் நடையில் எழுதித் தருவதோடு இவர் வேலை முடிந்தது. என் தொழிலில் அந்த மனிதரின் பெயர் பைசாம்.

நான் மரபணுத் தரவு பார்க்கிறவள். ஒருவருடைய டிஎன்ஏவை இயந்திரம் துண்டு துண்டாகத்தான் படிக்கும். 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் ஒவ்வொரு துண்டும் எங்கே பொருந்துகிறது என்று குறித்து வைத்த கோப்புக்கு ‘பாம்’ என்று பெயர். அதில் தேடி எடுத்துத் தருவது சாம்டூல்ஸ். 2009இல் ஹெங் லீயும் உடனிருந்தவர்களும் கட்டுரையாக அறிமுகப்படுத்திய மென்பொருள். அது சி மொழியில் எழுதியது. எனக்குப் பைத்தான்தான் வரும். அந்த சி நிரலைப் பைத்தானிலிருந்தே கூப்பிட வைக்கும் உறைதான் பைசாம். நாங்கள் ‘ராப்பர்’ என்போம். காசு கிடையாது, மூல நிரலையும் யாரும் திறந்து பார்க்கலாம்.

ஒருமுறை சிக்கிள் செல் நோய்க்கான மாற்றத்தைத் தேடினேன். இன்று நாங்கள் ஒப்பிடப் புழங்கும் மரபுத்தொகுதி வரைபடத்தில் 11ஆம் குரோமோசோமின் 52,27,002ஆவது எழுத்து ‘டி’. அது ‘ஏ’ ஆனால் ரத்தச் சிவப்பணு அரிவாளாக வளையும் வாய்ப்பு. என் நிரலோ எல்லா மாதிரிக்கும் ‘சி’ என்றது. அந்த வரைபடத்தைக் கேட்டேன், அங்கும் ‘சி’. மாற்றமே இல்லை, எல்லோரும் நலம்!

சரிபார்க்க வைத்திருந்த மாதிரி ஒன்று, இந்த மாற்றம் இருப்பது ரத்தப் பரிசோதனையில் முன்பே உறுதியான ஒருவருடையது. அவரும் நலமாம். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

சாம்டூல்ஸ் ஒன்றிலிருந்து எண்ணும். பைசாம் அளவுகோல் மாதிரி: முதல் எழுத்து 0க்கும் 1க்கும் நடுவில். நான் கேட்டிருக்க வேண்டியது 52,27,001 முதல் 52,27,002 வரை. கேட்டதோ அடுத்த கட்டம். அங்கே இருப்பது ‘சி’தான். இதில் கூத்து, இடத்தை ஒரே சரமாக எழுதிக் கொடுத்தால் அதே பைசாம் ஒன்றிலிருந்து எண்ணும்! இரண்டு வீட்டுக்கும் வேலை செய்கிறவர் இரண்டு வீட்டு வழக்கத்தையும் வைத்திருக்கிறார். கையேட்டில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான்தான் நிறுவும் பகுதியோடு மூடிவிட்டேன்.

நிரலில் ஒன்றைக் கழித்தேன். அந்த மாதிரியில் ஏறக்குறையப் பாதி ‘டி’, பாதி ‘ஏ’.