திருடனைப் பிடித்துவிட்டோம், பிறகு?

ரோந்து போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கையும் களவுமாகப் பிடிபட்டவனை நாலு சாத்து சாத்தினால் என்ன தப்பு?"

கோபம் நியாயமானது. கதவைப் பூட்டியும் தூக்கம் வராத வீடுகள் நம் தாமான்களில் எத்தனை! தற்காப்பு உரிமையைச் சட்டமும் மறுக்கவில்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 97-வது பிரிவுப்படி அடுத்த வீட்டுக்காரரையும் நாம் காக்கலாம். ஆனால் 99-வது பிரிவு கடிவாளம் போடுகிறது. தடுக்கத் தேவையானதற்கு மேல் ஓர் அடியும் கூடாது. போலீசை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது.

பாராங் கீழே விழுந்தது, நாலு பேர் மடக்கி உட்கார வைத்தாயிற்று. தற்காப்பு அங்கேயே முடிந்தது. பிறகு விழும் அடி தாக்குதல். ஆள் இறந்து கொலை என்று தீர்ப்பானால், 302-வது பிரிவில் மரண தண்டனை, இல்லையேல் 30 முதல் 40 ஆண்டு சிறை, பிரம்படி வேறு. ருக்குன் தெத்தாங்கா சட்டை அதிலிருந்து காப்பாற்றாது.

பொதுமக்கள் பிடித்தவரைத் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்கச் சொல்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-வது பிரிவு. 999-ஐ அழைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை நம் பையன்களை அவனிடம் நெருங்கவிடாமல் நிறுத்துவதுதான் ரோந்துத் தலைவருக்குப் பெரும்பாடு.