வெந்நீர்க் கலத்தில் கல் விளைவது ஏன்?

ஊருக்குச் செல்லுமுன் தேக்காக் கடைகளில் வீட்டுச் சாமான்கள் வாங்குவோர் நம்மிடையே பலர். மின்சாரக் கேத்தலும், ஹீட்டர் என்று நாம் அழைக்கும் வெந்நீர்க் கலமும் ஊர் வீடுகளில் இன்று புதுமையல்ல. ஆயினும் இங்கே நெடுநாள் உழைக்கும் கலம் அங்கே விரைவிற் பழுதாவதுண்டு. குறை பெரும்பாலும் கலத்தில் இல்லை. நீர் கடந்து வந்த பாறையில் இருக்கிறது.

மழைநீர் இயல்பில் மென்மையானது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு அது சிறிது அமிலத்தன்மை பெறுகிறது. 1868-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நமது மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்திருப்பது கருங்கல் நிலம். கருங்கல் எளிதிற் கரையாது. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணாம்புக் கற்படுகையின்மேல் அமைந்தது. அங்கே மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகிறது. பளிங்குபோல் தெளிந்த அந்நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். தமிழ்நாட்டில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் இத்தகையதே. (இந்தியக் குடிநீர்த் தரவிதி லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது, வேறு நீர் கிட்டாவிடத்து 600 வரை இசைகிறது.)

நீரைச் சுடவைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது; கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. கேத்தலின் அடியில் அன்னையர் காணும் வெண்காரை இதுவே. வெந்நீர்க் கலத்துள் அது சூடேற்றும் மின்தண்டைப் போர்வைபோல் மூடிவிடும். நீர் சூடேறத் தாமதமாகும், மின்கட்டணம் உயரும், தண்டு தன் வெப்பத்தாலேயே எரிந்துபோகும். இவற்றினும் அஞ்சத்தக்கது, பாதுகாப்பு வால்வு அடைபடுவது. அழுத்தம் மிகும்போது திறக்கவேண்டிய வால்வு காரையால் இறுகிவிட்டால் கலம் வெடிக்கவும் கூடும்.

சூடு ஏற ஏறப் படிவும் மிகும். ஆதலால் வெப்பநிலையை 60 பாகை செல்சியசில் நிறுத்துவது நன்று. மிகவும் தாழ்த்தினால் தேங்கிய நீரில் கிருமிகள் வளரும். ஆண்டுக்கொரு முறை தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு, மின்சாரத்தைத் துண்டித்தபின், கலத்தைத் திறந்து காரையை நீக்கி, வால்வையும் சோதித்தல் வேண்டும். எஃகுக் கலமாயின் உள்ளிருக்கும் மக்னீசியத் தண்டையும் பார்த்தல் வேண்டும். தான் அரிபட்டுக் கலத்தைத் துருவினின்று காப்பது அதன் பணி, தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். சுண்ணாம்பை ஏற்றுக்கொண்டு சோடியத்தைத் தரும் மென்னீராக்கும் கருவியும் உண்டு. விலை சற்று மிகுதிதான். எனினும் கிணற்று நீரையே நம்பிய வீட்டுக்குத் தகும்.

கேத்தலுக்கு இத்தனை பாடு வேண்டா. வினிகரோ எலுமிச்சைச் சாறோ நீரிற் கலந்து சுடவைத்து, ஆறவிட்டுக் கழுவினாற் போதும். மாணவர்களே, ஒரு முட்டையோட்டை வினிகரில் இட்டுப் பாருங்கள். முட்டையோடும் அதே சுண்ணாம்புதான். குமிழ்களாக எழுவது அதே கரியமில வாயு.