ஐந்தாண்டு என்பது கெடு அல்ல

அக்டோபர் முடிய நான்கே நாள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்துக்குக் கட்டிய இளஞ்சிவப்புப் பதாகைகள் இறங்கிவிடும். அதற்குள் பதில் வேண்டும் என்று பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: “ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்றால், அதற்குமேல் ஆயுசு இல்லையா?”

அப்படி இல்லை. நோய் உறுதியாகி ஐந்தாண்டு கழித்து நூற்றில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கு அது. ஆறாம் ஆண்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

மலேசிய சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 வரை பின்தொடர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்தாண்டு விகிதம் 66.8 விழுக்காடு. முதல் கட்டத்தில் 87.5, நான்காம் கட்டத்தில் 23.3. கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “சீக்கிரம் வந்தால் பிழைக்கலாம்” என்கிறார்கள். அறிவுரை சரிதான். ஆனால் அதற்கு இந்த எண் சாட்சியாகாது.

ஒரே தோட்டத்தில் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நோய், இருவருக்கும் சாவு 60 வயதில். ஒருவர் கட்டி கையில் தட்டுப்பட்டு 57இல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்றே ஆண்டு; கணக்கில் தோல்வி. மற்றவருக்கு 53இலேயே மேமோகிராம் காட்டிக்கொடுத்தது. ஏழு ஆண்டு, கணக்கில் வெற்றி. ஆனால் அவர் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்ததுதான் நான்கு ஆண்டு கூடுதல்.

87.5இல் சிகிச்சையின் பங்கும் உண்டு, இந்த முன்தேதியின் பங்கும் உண்டு. எது எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. உயிரை எடுக்காத கட்டிகளைத் தேடிப் பிடித்தாலும் விகிதம் ஏறும். தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவிய பின், 2011இல் தைராய்டு புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கை அசையவில்லை.

அப்படியானால் பரிசோதனை வீணா? வீண் இல்லை. மேமோகிராமும் மலத்தில் இரத்தம் தேடும் சோதனையும் சாவையே குறைத்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாப் ஸ்மியர், புற்றாக மாறும் முன்பே பிடிக்கிறது. ஆகவே மேடையில் விகிதம் சொல்பவரிடம் கேளுங்கள்: லட்சம் பேரில் சாவு குறைந்ததா?

மற்ற கேள்விகள்:

ஸ்டேஜும் கிரேடும் ஒன்றா? ஸ்டேஜ் (மலாயில் தஹாப்) எவ்வளவு தூரம் பரவியது என்பது. கிரேட் செல்லின் முரட்டுத்தனம்.

‘ஹார்மோன் பாசிட்டிவ்’ கெட்ட சேதியா? பெரும்பாலும் நல்லதுதான், தெமோக்சிபன் போன்ற மாத்திரைக்கு வழி இருக்கிறது.

எலும்புக்குப் போனால் எலும்புப் புற்றா? இல்லை, மார்பகப் புற்றுதான், மருந்தும் அதற்கே.

ரிமிஷன்? அடங்கியிருக்கிறது, குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாலியேட்டிவ் என்றால் கைவிட்டார்களா? இல்லை, வலியைக் கவனிக்கிறார்கள்.

வலிக்காத கட்டிக்கும் போகணுமா? போகணும். நவம்பரிலும் கிளினிக் திறந்துதான் இருக்கும்.