ஷவர் தட்டின் அடியில் என்ன நடக்கிறது?

குளியலறையில் பொருத்தும் ஷவர் தட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அரங்கில் சிலர் சிரித்தார்கள். என் வீட்டில் அது கீழ்வீட்டாரிடம் தலைகுனிந்து நிற்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டதால்தான் பேசுகிறேன்.

எங்களுடையது பழைய வீவக நான்கறை வீடு. யார் குளித்தாலும் குளியலறை முழுவதும் ஈரமாகிவிடும். தட்டு வைத்துக் கண்ணாடித் தடுப்பும் போட்டால் மறுபாதி காய்ந்திருக்கும், அம்மா வழுக்கி விழமாட்டார் என்று நினைத்தேன். குத்தகையாளர் அரை நாளில் தட்டை வைத்து, ஓரங்களில் சிலிக்கோன் பூசிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்துக் கீழ்வீட்டு மக்சிக் என்னை அழைத்துக் காட்டினார். அவர் குளியலறையின் உட்கூரையில் சாயம் உரிந்து, நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தட்டைத் தூக்கிய பிறகே காரணம் தெரிந்தது. வடிகால் குழாயின் இணைப்பு சரியாக இறுகவில்லை. ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சம் நீர் தட்டுக்கு அடியில் கசிந்திருக்கிறது. தட்டு நீரை வடிகாலுக்கு வழிநடத்தும், அவ்வளவுதான். கீழே இறங்காமல் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம். எங்கள் வீட்டில் அது நைந்துபோயிருந்தது.

ஆகவே முதல் வேலை தரைதான். படலத்தைப் புதுப்பித்தால், வடிகாலை அடைத்து 24 மணி நேரம் நீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். தட்டைச் சிமெண்ட் கலவையின் மீது முழுமையாகப் படியவைக்க வேண்டும். அடியில் வெற்றிடம் இருந்தால், ஆள் ஏறி நிற்கும்போது தட்டு அசைந்து சிலிக்கோன் பிளந்துவிடும். சாய்வு தட்டிலேயே இருப்பதால் விளிம்பு ரசமட்டத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். வடிகால் குழாயின் வளைவில் 50 மில்லிமீட்டர் நீர் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் நாற்றமும் கரப்பான்பூச்சியும் மேலே வரும். நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் வாளி வாளியாக நீர் ஊற்றி, இணைப்பைக் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் என் குத்தகையாளர் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. சுவர் டைல் தட்டின் விளிம்புக்கு மேல் வந்து முடியவேண்டும். சிலிக்கோன் இரண்டாவது காவல் மட்டுமே.

வீவக வீட்டில் குளியலறைத் தரையை உடைக்க முன் அனுமதியும், கழகத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரும் தேவை. புதிய வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்கு அந்த டைல்களை உடைக்கவே கூடாது. பழைய வீடுகளில் நாளடைவில் ஏற்படும் கசிவுக்கு, நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்தின்கீழ் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆளுக்குக் கால்வாசி தரவேண்டும். ஆனால் எங்கள் கசிவு நான் வைத்த தட்டால் வந்தது. மக்சிக்கிடம் கால்வாசி கேட்க எனக்கு வாய் வரவில்லை. முழுச் செலவும் என்னுடையதே.

இன்னொன்றும் நான் யோசிக்கவில்லை. தட்டின் விளிம்பைத் தாண்ட அம்மா ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கவேண்டியிருந்தது. முழங்கால் வலியோடு, ஈரக் காலோடு! இப்போது தட்டு இல்லை. தரையையே வடிகாலை நோக்கிச் சாய்வாகப் போட்டுவிட்டோம். மூத்தோருக்காக 2012ல் தொடங்கிய ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ், பெரும்பகுதிச் செலவை அரசாங்கம் ஏற்க, கைப்பிடிக் கம்பிகளும் தரைக்கு வழுக்காத பூச்சும் கிடைத்தன. கண்ணாடித் தடுப்பு இன்னும் சாமான் அறையில் சாய்ந்து நிற்கிறது.