ஆடுகிற கோடுதான் வாயு

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஐஸ் பெக்டரியைத் தாண்டும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அமோனியா! அங்கேயே நிற்பவருக்கு மூக்கு பழகிவிடும், அதுதான் ஆபத்து.

கருவிக்கு அப்படிப் பழகாது. அமோனியா சுமார் 1.25 சென்டிமீட்டர் நுண்ணலைகளை உறிஞ்சும். ஆனால் அலை செல்லும் குழாயின் சுவரும் கொஞ்சம் விழுங்குமே, எது வாயு, எது சுவர்?

வலிய மின்புலத்தில் ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகள் பிளப்பதை 1913இல் யொஹான்னஸ் ஸ்டார்க் கண்டார். அமோனியா மூலக்கூற்றில் நைதரசன் பக்கம் எதிர்மின் சாய்வு, ஐதரசன் பக்கம் நேர்மின் சாய்வு. ஆகவே மின்புலம் அதன் சக்தி மட்டங்களை அசைக்கும். நிறமாலையில் உறிஞ்சற்கோடும் இடம்மாறும்.

1947இல் ஹியூஸ், வில்சன் இருவரும் வெளியிட்ட வழி இலேசானது: மின்புலத்தைப் போட்டுப்போட்டு நிறுத்துவது. சுவரின் உறிஞ்சல் அசையாது. வாயுவின் கோடு மட்டும் ஆடும். அந்த ஆட்டத்தை மட்டுமே கருவி பொறுக்கியெடுக்கும்.