தொல்படை இல்லாத நாடும் அதன் படைகளும்

அழிவு நேர்ந்த வேளையிலும் இடையூற்றுக்கு அஞ்சாது நிற்கும் வன்மை தொல்படைக்கே உரியது என்று படைமாட்சி அதிகாரத்தில் கூறுகிறார் வள்ளுவர். அவ்வதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகையாக எண்ணி, அவற்றுள் மூலப்படைக்கே சிறப்பளிக்கிறார். முன்னோர் காலந்தொட்டு வழிவழியாக வருவதே மூலப்படை. அங்ஙனமாயின், அத்தகைய படையே இல்லாத ஒரு புதிய நாடு பெரும்போரைச் சந்திக்க நேர்ந்தால் யாது செய்யும்? இவ்வினாவுக்கு ஆஸ்திரேலியாவின் வரலாறு ஒரு விடை தருகிறது. அந்நாட்டின் காலாட்படைப் பிரிவுகளும் வான்படைப் பிரிவுகளும் உருவான விதத்தையும், இரு உலகப் போர்களில் அவை ஆற்றிய பணியையும் இங்குச் சுருங்கக் காண்போம்.

சட்டம் வகுத்த எல்லை

ஆறு குடியேற்றங்கள் இணைந்து 1901ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவாயிற்று. 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டம் பெரிய நிலைப்படை எதனையும் ஏற்படுத்தவில்லை. போர்க்காலத்தில் குடிமக்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கலாம். ஆனால் நாட்டின் எல்லைக்கு அப்பால் அனுப்புதல் கூடாது. கடல் கடந்து செல்வோர் தாமே முன்வந்தோராக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் இவ்வொரு விதியே அடிப்படை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், இருபதாயிரம் வீரரை அனுப்புவதாக அந்நாடு உறுதியளித்தது. உள்நாட்டுக் காப்புப்படையை அனுப்பச் சட்டம் இடந்தராமையால், தன்னார்வலர்களைக் கொண்டு புதிய படையொன்று திரட்டப்பட்டது. ஆஸ்திரேலிய இம்பீரியல் படை என்னும் அதனை அமைத்தவர் ஜெனரல் பிரிட்ஜஸ். ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பட்டாலியனே அதன் அடிப்படை அலகு. பெரும்பாலான பட்டாலியன்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மாநிலத்தில் திரட்டப்பெற்றன. ஆதலால் ஒரே பகுதியைச் சேர்ந்தோர், ஒரே பணியிடத்தில் உழைத்தோர், உடன்பிறந்தோர் ஆகியோர் ஒரே அணியில் நின்றனர்.

பிரிந்தும் பெருகியும்

1915 ஏப்ரல் 25ஆம் நாள் இப்படை துருக்கியின் கல்லிப்போலிக் கரையில் இறங்கியது. எட்டு மாதப் போரில் இலக்கை எய்தாமலே அவ்வாண்டு டிசம்பரில் அங்கிருந்து விலகியது. பிரிட்ஜசும் மே மாதத்திலேயே காயமுற்று இறந்தார்.

1916இன் தொடக்கத்தில் எகிப்தில் இப்படை இருமடங்காக்கப்பட்டது. பழைய பதினாறு பட்டாலியன்கள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி பழைய பெயருடன் நின்றது. மறுபாதி புதிய பட்டாலியனுக்கு வித்தாயிற்று. இரண்டிலும் எஞ்சிய இடங்களைப் புதியோர் நிரப்பினர். பாலைத் தயிராக்கப் பிரை ஊற்றுவது போன்ற முறை இதுவெனின், அப்பிரையின் வேலையைச் செய்தவர்கள் கல்லிப்போலியில் நின்றவர்களே. அதே ஆண்டு பிரான்சில் ஃப்ரொமெல் என்னுமிடத்தில் ஐந்தாம் டிவிஷன் ஓர் இரவுக்குள் 5,533 பேரை இறந்தோராகவும், காயமுற்றோராகவும், பிடிபட்டோராகவும் இழந்தது. கட்டாயமாக வெளிநாட்டுக்கு ஆளனுப்ப மக்களின் ஒப்புதல் 1916இலும் 1917இலும் கேட்கப்பட்டது. இருமுறையும் மக்கள் மறுத்தனர். ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நாட்டிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். அவர்களுள் அறுபதாயிரம் பேர் மீளவில்லை.

ஆள் குறைவால் 1918 செப்டம்பரில் சில பட்டாலியன்களைக் கலைக்க ஆணை பிறந்தது. அப்போது நிகழ்ந்தது படை வரலாற்றில் அரிதானதொன்று. 37ஆம் பட்டாலியன் உள்ளிட்ட சில அணிகளின் வீரர்கள் வேறு பட்டாலியனுக்குச் செல்ல மறுத்தனர். போரிட அவர்கள் மறுக்கவில்லை; தம் பட்டாலியனின் பெயரிலேயே மறு போருக்கும் செல்ல வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள். தலைமை இசைந்தது; ஹிண்டன்பர்க் அரணைத் தாக்கிய போரில் அவர்கள் தம் பழைய பெயருடனேயே நின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் எழுத்தில் மட்டும் இருந்த ஓர் எண், மனிதர்கள் விட்டுக்கொடுக்க மனமில்லாத பெயராக மாறியிருந்தது. தொல்படை இவ்வாறும் தோன்றக்கூடும் என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.

வான்படையின் தோற்றம்

விக்டோரியா மாநிலத்தின் பாயிண்ட் குக்கில் அமைந்த பறத்தற் பள்ளியில் 1914 ஆகஸ்டில் முதல் வகுப்பு தொடங்கியபோது மாணவர் நால்வரே. 1915 பிப்ரவரியில் இந்திய அரசு, மெசபொத்தேமியாவில் போரிட்டுவந்த தன் படைக்கு விமானிகள் வேண்டுமெனக் கேட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு குழு பாஸ்ரா சென்றது. அரைப்பிரிவு என்று அழைக்கப்பட்ட அக்குழுவே அந்நாட்டின் வான்படை போர்முனை கண்ட முதல் அணி. பழைய விமானங்கள், பாலைவன வெப்பம், அடிக்கடி நின்றுபோகும் எஞ்சின்கள் ஆகியவற்றோடு அவர்கள் போராடினர். மருத்துவராகவும் விமானியாகவும் விளங்கிய ஜார்ஜ் மெர்ஸ், 1915 ஜூலை 30ஆம் நாள் பாலையில் இறங்க நேர்ந்தபோது கொல்லப்பட்டார். 1916 ஏப்ரலில் கூட் நகரம் வீழ்ந்தபோது இந்தியப் படையினரோடு சேர்ந்து இவ்வணியின் மெக்கானிக்குகளும் சிறைப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறையிலேயே இறந்தனர்.

பின்னர் நான்கு ஸ்குவாட்ரன்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. முதலாம் ஸ்குவாட்ரன் பாலஸ்தீனத்தில் பணியாற்றியது. அதன் விமானி ஃபிராங்க் மெக்னமாரா 1917 மார்ச் 20ஆம் நாள் எதிரியின் பகுதியில் வீழ்ந்த தோழரைக் காக்கக் கால் காயத்தோடு தரையிறங்கினார். மீண்டும் எழும்ப முயன்றபோது அவருடைய விமானம் சேதமுற்றது. உடனே தோழரின் விமானத்தைச் செலுத்தி இருவரும் உயிர் தப்பும்படி செய்தார். விக்டோரியா கிராஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. தனி வான்படை 1921 மார்ச் 31ஆம் நாள் நிறுவப்பெற்றது.

இரண்டாம் போரும் இருவகை வீரரும்

இரண்டாம் உலகப்போரில் பழைய சட்டம் மீண்டும் நாட்டின் படையை இரண்டாகப் பிரித்தது. தன்னார்வலர் படை வட ஆப்பிரிக்காவுக்கும் கிரேக்கத்துக்கும் சென்றது. கட்டாயத்தின்பேரில் பலர் சேர்க்கப்பட்ட மிலிஷியா உள்நாட்டில் நின்றது. மிலிஷியாவினரைச் ‘சாக்லேட் வீரர்’ என்று பிறர் ஏளனம் செய்தனர். வெப்பம் பட்டால் உருகிவிடுவர் என்பது பொருள். எனினும் பப்புவா அந்நாளில் ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதியாக இருந்தமையால் அங்கு அவர்களை அனுப்பச் சட்டம் தடையாக இல்லை.

1941 அக்டோபரில் விக்டோரியாவில் அமைக்கப்பட்ட 39ஆம் பட்டாலியன் 1942 ஜனவரி 3ஆம் நாள் போர்ட் மோர்ஸ்பி சேர்ந்தது. வீரருட் பலர் இருபது வயதை எட்டாதவர். பயிற்சிக்கு மாறாகச் சரக்கிறக்கும் பணியும் அரண் அமைக்கும் பணியுமே அவர்களுக்குப் பெரிதும் கிடைத்தன.

அந்நகரைக் காக்கப் போர் விமானமும் இல்லை. நாளை வரும், நாளை வரும் என்று சொல்லப்பட்ட கிட்டிஹாக் விமானங்களுக்கு வீரர்கள் ‘டுமாரோஹாக்’ என்று பெயரிட்டனர். 1942 மார்ச் 4ஆம் நாள் டவுன்ஸ்வில்லில் அமைக்கப்பட்ட 75ஆம் ஸ்குவாட்ரன் பதினேழே நாட்களில், மார்ச் 21ஆம் நாள், அங்கு வந்திறங்கியது. எதிரி விமானங்களையே கண்டு பழகியிருந்த தரைப் பீரங்கியாளர் தம் விமானங்களையே சுட்டுச் சேதப்படுத்தினர். ஆயினும் வந்த அன்றே ஒரு ஜப்பானிய விமானம் வீழ்த்தப்பட்டது. தலைவர் ஜான் ஜாக்சன் முப்பது வயதைக் கடந்தவர். விமானிகளுள் பெரும்பாலோர் போர் அறியாத இளைஞர். ஏப்ரலில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜாக்சன் காட்டின் வழியே நடந்து திரும்பினார். மீண்டும் பறந்து, 28ஆம் நாள் உயிர்நீத்தார். நாற்பத்துநான்கு நாள் அந்நகரைக் காத்த அவ்வணி பன்னிரு விமானிகளை இழந்தது. போர்ட் மோர்ஸ்பி விமான நிலையம் இன்றும் ஜாக்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஜூலை 21ஆம் நாள் ஜப்பானியர் வடகரையில் இறங்கினர். 39ஆம் பட்டாலியன் கொகோடா மலைப்பாதையில் அவர்களை எதிர்கொண்டது. தலைவர் ஓவன் 29ஆம் நாள் வீழ்ந்தார். ரால்ஃப் ஹானர் தலைமையில் அவர்கள் ஆகஸ்டு இறுதியில் இசுராவாவில் நின்று தடுத்தனர். நோயுற்றுப் பின்னனுப்பப்பட்டவருட் சிலர், தம் தோழர் இடருற்றதைக் கேள்வியுற்று முனைக்குத் திரும்பினர். அந்நேரத்தில் வந்து சேர்ந்த தன்னார்வலர் படையினர் அவர்களருகே நின்று போரிட்டனர். டிசம்பர் 9ஆம் நாள் கோனாவைக் கைப்பற்றியவர்களும் 39ஆம் பட்டாலியனார்தாம். 1943 ஜனவரியில் பட்டாலியனில் நின்று பணியாற்றக் கூடியவராக எஞ்சியோர் ஏறத்தாழ முப்பது பேரே. ஜூலையில் அப்பட்டாலியன் கலைக்கப்பட்டது. உருகிவிடுவர் என்று இகழப்பட்டோர் உருகவில்லை.

விடுபட்ட பெயர்கள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. மலைப்பாதையில் உணவையும் காயமுற்றோரையும் தோளிற் சுமந்தவர்கள் பப்புவா மக்கள். அவர்களுட் பலர் விரும்பி வந்தவரல்லர், ஆணையின்பேரில் அழைத்துவரப்பட்டவர். 1943இல் உருவான டோரஸ் நீரிணை இலகுக் காலாட்படைப் பட்டாலியனில் அத்தீவுகளின் தகுதியுடைய ஆண்களுள் ஏறத்தாழ அனைவரும் சேர்ந்தனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட ஊதியம் வெள்ளை வீரர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்கே. அவ்வாண்டின் இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியம் மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. நிலுவையை அவர்கள் பெற 1980களாயின. பழங்குடியினரான ரெக் சாண்டர்ஸ் 1944இல் காலாட்படை அதிகாரியானார்; லென் வாட்டர்ஸ் 78ஆம் ஸ்குவாட்ரனில் கிட்டிஹாக் செலுத்தினார். படையில் இவ்விருவரும் அடைந்த மதிப்பை, சீருடை களைந்தபின் நாடு அவர்தம் இனத்தார்க்கு எளிதில் அளிக்கவில்லை.

நிறைவுரை

தொல்படை இல்லாத நாடு, தன் மக்களைத் தன்னார்வலர் என்றும் கட்டாயத்தார் என்றும், முழு ஊதியத்தார் என்றும் குறை ஊதியத்தார் என்றும் வகைப்படுத்தியது. போர்முனையோ அவ்வகைகளை ஏற்கவில்லை. யார் நிற்பார், யார் தளர்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலவில்லை. இசுராவாவில் நின்ற இளைஞர்கள் இன்று நம் கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவரின் வயதினரே. பெயரிட்டு ஒதுக்கப்பட்டவர்களே இக்கட்டான வேளையில் முன்னின்றனர் என்பதும், அவர்களுள் ஒரு சாரார்க்குரிய கடன் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தீர்க்கப்பட்டது என்பதும் நாம் சேர்த்தே கற்க வேண்டிய செய்திகளாகும்.